மூலையில் ஒட்டிய விலைச்சீட்டு

“அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடு ஹுவெய்ரூ. மத்தபடி என்ன வேணா எழுதிக்க.”

“எந்த வார்த்தையை? திருடனையா?” பாலத்தடிச் சந்தை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள் ஹுவெய்ரூ. “எடுக்க மாட்டேன் மாமா.”

பக்கத்தில் பழைய டீக்கோப்பைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். காவ் மாமா தலையைக் குனிந்துகொண்டு, தன் கடையில் ஏற்கெனவே ஒழுங்காக இருந்த வயர்களை மறுபடி ஒழுங்குபடுத்தினார்.

சங்கதி இதுதான். பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டு எது கையில் கிடைத்தாலும், அதைச் செய்தது யார் என்று துப்புத் துலக்கிப் படத்தோடு இணையத்தில் ஏற்றுவது ஹுவெய்ரூவின் பைத்தியம். தைப்பேயைச் சுற்றி ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு போர்டு செய்தார்கள். பாதிப் பேர் அதில் தங்கள் பெயரைப் போடவே இல்லை. வாங்குகிறவன் அவன் பெயரை ஒட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்த அநாதைகளுக்கெல்லாம் அப்பன் பெயர் கண்டுபிடித்துத் தருவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

போன வாரம் காவ் மாமா கடை மேசைக்கடியில் துணி சுற்றிய போர்டு ஒன்றை அவளாகவே இழுத்தெடுத்தாள்.

“அது விக்கிறதுக்கில்ல, வை.”

“விக்கிறதுக்கில்லேன்னா மூலையில எதுக்கு விலைச்சீட்டு?” என்று மடக்கி, வாங்கி வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஏதோ இடித்தது. வேகத்தைக் கூட்டுவதற்கென்று வரிசையாக வைத்திருந்த சிப்புகளில் ஒன்றை உடைத்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் பிளாஸ்டிக். உடைந்த சிப்பை மட்டும் படம் எடுத்துப் போட்டுக் கீழே எழுதினாள்: ‘செய்தவர்: தெரியவில்லை. யாராக இருந்தாலும் திருடன்.’

போலந்திலிருந்தும் பிரேசிலிலிருந்தும் பாராட்டு குவிந்தது. கெஞ்சியது காவ் மாமா ஒருவர்தான்.

“உனக்குத் தெரியாதும்மா. அப்ப சிப்புக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. ஆர்டர் எடுத்தாச்சு, கப்பல் கிளம்பப்போகுது. மனுஷன் என்னதான் பண்ணுவான்?”

“எங்கப்பாவும் அதே காலத்துலதானே தொழில் பண்ணாரு? அவரு இப்படியா பண்ணாரு?”

காவ் மாமா ஆறிப்போன சோயாப் பாலை எடுத்து உறிஞ்சினார்.

அப்பா பேச்சு வந்தாலே ஹுவெய்ரூவுக்குக் குரல் இளகிவிடும். தைப்பேயை ஒட்டிய சான்சோங்கில் அவர்கள் வீட்டு முன்னறைதான் தொழிற்சாலை. அம்மாவும் அண்டை வீட்டுப் பெண்களும் டிவி தொடரைப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டே போர்டில் பாகங்களைச் செருகுவார்கள். ஈயம் உருகும் வாசனையில்தான் அவள் வீட்டுப்பாடம் எழுதினாள். சரிபார்த்து முடித்த போர்டின் மூலையில் அம்மாவின் நகப்பூச்சைத் தொட்டுச் சிவப்பாக ஒரு பொட்டு வைப்பது அவள் வேலை. “எங்க மேனேஜரம்மா பாஸ் பண்ணிட்டாங்க, வண்டியை எடு!” என்று அப்பா உரக்கக் கத்துவார். வாசலில் ஸ்கூட்டரோடு நிற்கும் காவ் மாமா, பெட்டியைக் கட்டிக்கொண்டு விற்கப் போவார்.

எவ்வளவு நல்ல நாட்கள்! தொழில் நொடித்தது, அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பொட்டு வைத்த போர்டு ஒன்றாவது கண்ணில் படாதா என்று தேடித்தான் அவளுக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது. காவ் மாமாவை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். “எல்லாம் பழைய இரும்புக்குப் போயிடுச்சும்மா” என்பார்.

இன்று அவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

“மாமா, அந்த போர்டை ஏன் துணி சுத்தி ஒளிச்சு வெச்சீங்க?”

அவர் சோயாப் பாலைக் கீழே வைத்தார்.

“அப்பா தொழிலை விட்டப்புறம் நீங்களே செஞ்சு வித்தீங்களா? நீங்கதானா அது?”

காவ் மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். டீக்கோப்பை அம்மாளைப் பார்த்தார். பிறகு, பெரிய சுமை ஒன்றை இறக்கி வைத்தவர் போல மூச்சு விட்டார்.

“ஆமா. நான்தான். என் பேரையே போட்டுக்க. இதோட தேடுறதை விட்டுடு.”

“எங்கப்பா பக்கத்துல நின்னுட்டு உங்களுக்கு எப்படி மாமா மனசு வந்துச்சு?”

அவர் மறுபடி வயர்களின் பக்கம் திரும்பினார். அவள் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்த சூட்டோடு ‘செய்தவர்: காவ்’ என்று அடித்தாள். இனி முழு போர்டையும் படம் எடுத்துப் போட வேண்டும். மூலையில் அந்த விலைச்சீட்டு அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. முடி உலர்த்தும் மெஷினால் கொஞ்சம் சூடு காட்டி, நகத்தால் மெல்ல உரித்தாள்.

அடியில் சிவப்பாக ஒரு பொட்டு.

காய்வதற்குள் யாரோ தொட்டிருக்கிறார்கள். சின்னஞ்சிறு விரல் ரேகை ஒன்று அதில் அப்படியே பதிந்திருந்தது.

ஹுவெய்ரூ அதன்மேல் தன் விரலை வைத்தாள். இப்போது அந்த விரல் பொட்டை முழுக்க மறைத்துவிட்டது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவை நினைத்து அழுகிறாளா, அத்தனை பேர் முன்னால் பழியை வாங்கிக்கொண்ட மாமாவை நினைத்தா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘காவ்’ என்பதை அழித்தாள். ‘ஜியென் வென்ச்சி’ என்று அப்பாவின் பெயரை அடித்தாள்.

அதற்குப் பக்கத்திலேயே ‘திருடன்’ இருந்தது.

இந்த முறை யாரும் கெஞ்சவில்லை. அழிக்கும் பொத்தானுக்கு அவள் விரல் தானாகவே போனது.