இன்னைக்கு யார் முறை?

"அடக் கொடுமையே! இது வீடா, ஓட்டலா?"

நாத்தனாருக்கு மனசு ஆறவே இல்லை. கீழே விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு நேற்றுதான் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். இன்று காலையிலிருந்து இதே பாட்டுதான்.

தம்பி மகன்களில் பெரியவன் தட்டு கழுவிக்கொண்டிருந்தான். சின்னவன் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர்களின் அக்காக்காரி ஜம்மென்று நாற்காலியில் உட்கார்ந்து பாடப் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"பொம்பளப் பிள்ளை மகாராணி, ஆம்பளப் பசங்க எடுபிடியா?"

"அவ முறை நேத்து அண்ணி. இன்னைக்கு இவங்க முறை" என்றாள் தம்பி மனைவி, துணி மடித்தபடி.

"முறையாம், முறை! நானும் ரெண்டு ஆம்பளப் பசங்களை வளர்த்து ஆளாக்கினவதான். வேலைக்குப் போறானுங்க, இன்னும் குடிச்ச டம்ளரை நகர்த்த விட்டதில்லை. ராஜா மாதிரி வெச்சிருக்கேன்!"

தம்பி மனைவி அடுத்த துணியை எடுத்து உதறினாள். வாயைத் திறந்தால் வம்பு.

சின்னவன் கிண்ணமும் ஸ்பூனுமாக வந்தான். "அத்தை, ஆ காட்டுங்க. ஆறிடும்."

"உனக்கு ஏன்டா இந்த வேலை?" என்று சிடுசிடுத்தாலும் வாயைத் திறந்தாள். பசி.

செல்போன் அடித்தது. அவளுடைய மூத்த மகன். சின்னவனே எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"பார்த்தியா, ஒரு ராத்திரி தாங்கல, அம்மாவைத் தேடுறான்!" நாத்தனாருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"அம்மா, எப்ப வர்றே? அழுக்குத் துணி குவிஞ்சு கிடக்கு. தம்பிக்குக் கடைச் சாப்பாடு ஒத்துக்கலையாம்."

"கையை அசைச்சா எலும்பு கோணலாச் சேர்ந்துடும்னு டாக்டர் சொல்லியிருக்காருப்பா..."

"அதான் இடது கை இருக்குல்ல? ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்." வைத்துவிட்டான்.

சின்னவன் அத்தையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டான். அவளுக்குப் பொசுக்கென்று கண் நிறைந்துவிட்டது.

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நீங்க எங்கேயும் போகல அண்ணி. யார் வந்து கூப்பிட்டாலும் சரி" என்றாள் தம்பி மனைவி.

நாத்தனார் தலையாட்டினாள். பிறகு சின்னவன் பக்கம் திரும்பினாள்.

"டேய், ஞாயித்துக்கிழமை உங்க அத்தான் வர்றான். அன்னைக்குத் தட்டு கழுவுறது அவன் முறை. எப்படின்னு நீதான் சொல்லிக் குடுக்கணும். பெத்தவ நான் சொல்லிக் குடுக்காம விட்டுட்டேன்."