சேலைக்குச் சாட்சி

“அந்தச் சேலை வெள்ளையில்லீங்க,” என்றார் ராமாமணி.

கம்ப்யூட்டர் திரையில் அவருக்குப் பத்தொன்பது வயது. கொலைகாரனை வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கும் விதவை வேடம். இன்ஸ்பெக்டர் அவர் முகத்துக்கு நேராக டார்ச் அடிக்கிறார். ராமாமணி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

பீளமேட்டில், மூன்றாவது மாடியில், அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தை எடுத்தவரின் பேரன் சசிதர்தான் செய்யச் சொன்னவர். கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள் பிரத்யுஷா. நடித்தவர்களில் ராமாமணி மட்டும்தான் மிச்சம். எது என்ன நிறம் என்று கேட்பதற்காக அவரைக் காரில் கூட்டிவந்திருந்தார்கள்.

மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் வாசலில் நின்ற கார் கிளிப்பச்சை என்றார். நம்பினார்கள்.

வில்லன் நெஞ்சில் வழிந்த ரத்தம் வெறும் கறுப்பு மசி என்றார். சிரித்துக்கொண்டே அதையும் நம்பினார்கள். சேலைக்கு மட்டும் சந்தேகப்பட்டால் கோபம் வராதா?

“ஏனுங்கம்மா, விதவைக்கு வெள்ளைதானுங்களே?” என்றார் சசிதர்.

ராமாமணி பொறுமையாகத்தான் சொன்னார். சுத்த வெள்ளை அந்தக் காலத்து லைட்டில் கண்ணைக் கூசும், முகம் எடுபடாது. அதனால் கேமராக்காரர் சேலையை ரோஸ் சாயத்தில் முக்கிக் கொடுக்கச் சொன்னார். படத்தில் அது வெள்ளையாக விழுந்தது.

“பாத்தவங்களுக்கு வெள்ளையாத்தானுங்களே தெரிஞ்சுது? அப்படியே இருந்துட்டுப் போகட்டுங்க.”

சசிதர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

பிரத்யுஷா வெள்ளையை அழுத்தப் போனாள். ராமாமணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எண்பத்தைந்து வயதுக்கு அது கொஞ்சம் அதிகமான பிடி.

“வெள்ளை போட்டீங்கன்னா, படம் ஓட்டற அன்னிக்குத் தியேட்டர்ல எந்திரிச்சு நின்னு பொய்யினு கத்துவேன் தம்பி.”

“அத்தனை பிரியமுங்களா அந்தச் சேலை மேல?” என்றாள் பிரத்யுஷா.

சொல்லலாமா வேண்டாமா என்று ராமாமணி யோசிக்கவில்லை. அவர் யாருக்குப் பயப்பட வேண்டியிருந்ததோ அவர்கள் எல்லோரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சசிதரின் தாத்தா அவருடைய மாமனாருக்குச் சிநேகிதர்; மருமகளை நடிக்க அனுப்பச் சொல்லி அவரே கேட்டதால் மாமனாரால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டுத்தான் அனுப்பினார். மருமகள் உடம்பில் வெள்ளையைத் தவிர வேறு நிறம் படக்கூடாது. படம் வந்ததும் சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூட்டிப்போய் முதல் ஆட்டமே பார்த்தார். வெள்ளைதான் என்று நிம்மதியாக வீடு திரும்பினார்.

“எங்க ஊட்டுக்காரர் போனப்ப எனக்குப் பதினேழு வயசு கண்ணு. அதுக்கப்புறம் நான் கலர் கட்டினது படம் புடிச்ச அந்தப் பன்னெண்டு நாள்தான்.”

பிரத்யுஷா அப்போதுதான் அவர் உடுத்தியிருந்ததைப் பார்த்தாள். வெள்ளை நூல் சேலை.

பிரத்யுஷா சசிதரின் சம்மதத்துக்காகத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் ரோஸ் நிறங்களை வரிசையாக விரித்து, ஒவ்வொன்றாகச் சேலை மேல் வைத்துக் காட்டினாள்.

“இன்னும் கொஞ்சம்,” என்றார் ராமாமணி. அடுத்ததற்கும் அதையேதான் சொன்னார்.

கடைசியில் சேலை பன்னீர் ரோஜா நிறத்தில் பளிச்சென்று நின்றது.

“நெசத்துல இத்தனை அழுத்தமில்லதான்,” என்றார். “இருக்கட்டும், போடு கண்ணு.”