நசுங்கிய படம்

தேயிலை விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் எல்லாருக்கும் அரைக்கூலிதான். இப்போது எஸ்டேட்டே விற்பனைக்கு வந்துவிட்டது. வாங்க வருகிறவருக்கு அனுப்பும், தொழிலாளர்கள் படம் போட்ட ஸ்கேன் பிடிஎஃப்பில் விலையைக் குறைத்துத் திருத்தினான் கிளார்க் ஜெனிஸ்.

மேனேஜர் தரணிதரன் பார்த்துவிட்டுக் குதித்தார். “ஏய்யா, எழுத்தை மாத்தச் சொன்னா படத்தை நசுக்கி வெச்சிருக்கியே! தொழிலாளிக எல்லாம் ஈர்க்குச்சியாட்ட நிக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணு. இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!”

ஜெனிஸ் படத்தை அசையாமல் பூட்டிவிட்டு எழுத்தை மட்டும் மாற்றிப் பார்த்தான். புதிதாக ஸ்கேன் எடுத்தான். கேமராவில் இருந்த மூலப் படத்தையே திறந்தான். ஈர்க்குச்சிகள் பருக்கவில்லை.

சாயங்காலம் தரணிதரன் வந்து எட்டிப் பார்த்தார். “இன்னும் நசுங்கியேதானே இருக்குது?”

“நசுங்கலீங்க சார். நசுங்கியிருந்தா, அவங்க நடுவுல நிக்கற நீங்களும் ஒல்லியாத்தானே இருக்கோணுமுங்க?”