பூவரசமேடு ஸ்டேஷன்

“சின்ன வயசுல ஸ்கூலுக்கு எப்படிப் போனீங்க?” என்று டாக்டர் கேட்டதும் அமலராணி டீச்சருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“ரயில்ல தான் டாக்டர். பூவரசமேடு ஸ்டேஷன்ல ஏறி தாம்பரத்துல இறங்குவேன்.”

பக்கத்தில் இருந்த மகன் ஆஸ்டின் உடனே செல்போனில் தேடினான். வண்டலூர் இருந்தது, கூடுவாஞ்சேரி இருந்தது. அப்படி ஒரு ஸ்டேஷன் மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து பழைய ரயில்வே மேப்புகளையும் துழாவினான். அவற்றிலும் இல்லை.

போன மாதம் அடுப்பை அணைக்க மறந்தாச்சு, இப்போது இல்லாத ஸ்டேஷன். அம்மாவுக்கு மறதி நோய்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

“பல்லாவரம் வீட்டைப் பூட்டிட்டு என்னோட சிறுசேரிக்கு வந்துடும்மா. இனிமே தனியா சர்ச்சுக்குப் போக வேணாம். ட்யூஷனையும் நிறுத்திடு.”

டீச்சருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, “ஒரே ஒரு தடவை என்னை அங்க கூட்டிட்டுப் போ. ஸ்டேஷனைக் காட்டறேன். காட்ட முடியலேன்னா நீ சொல்ற இடத்துக்கு வரேன்” என்றார்.

சனிக்கிழமை காரில் போனார்கள். பூவரசமேட்டில் பெயருக்குக்கூட ஒரு பூவரசு இல்லை, எங்கே பார்த்தாலும் அடுக்குமாடி. தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை போட்டிருந்தார்கள். போலியோ வந்த காலை இழுத்து இழுத்து டீச்சர் வேலியோரம் நடந்தார்.

“இங்க தான்ப்பா இருந்துச்சு.”

“பிளாட்பாரம் எங்கம்மா?”

“சின்னது. மரத்துல இருக்கும்.”

“மரத்துல பிளாட்பாரமா?”

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தான்.

எதிர் வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் விசாரித்தார்கள். பெயர் பொன்னுரங்கம். பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே ஊர் என்றார்.

“டேசனா? இங்க ஏது சார் டேசன்? ரயில்வே கேட்டு ஒண்ணு இருந்துச்சு. எங்கப்பன் தான் கேட் கீப்பரு.”

டீச்சரின் முகம் வாடிவிட்டது.

“வண்டி நிக்குமே? தினமும் நான் ஏறியிருக்கேனே?”

“நிக்கும். எங்கப்பன் ஒழுங்கா கேட்டை மூடுனா தானே நிக்காம போவும்?”

“புரியலையே” என்றான் ஆஸ்டின்.

“கேட்டை மூடுனா தான் சார் சிக்னல் கைகாட்டி எறங்கும். தொறந்து கெடந்தா வண்டி போவக் கூடாது. காலைல தாம்பரம் போற வண்டி கேட்டாண்ட ஊர்ந்து வந்து நின்னுகினு கூவும். அப்பால தான் எங்கப்பன் மூடுவான். மத்த வண்டிக்கெல்லாம் கரெக்டா மூடிடுவான். அந்த ஒண்ணுக்கு மட்டும் சோம்பேறித்தனம். எத்தினி மெமோ, எத்தினி திட்டு. கடைசி வரைக்கும் புரமோஷனே குடுக்கல. தூங்குமூஞ்சி கேட்டுன்னு ஊரே சிரிக்கும். என்னையும் தூங்குமூஞ்சி புள்ளைன்னு தான் கூப்டுவானுங்க. எங்கப்பன் பேச்சையே நான் எடுக்கறதில்ல.”

டீச்சர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அவருக்கு இடது கையில ஒரு விரல் பாதி தான் இருக்கும், இல்லீங்களா?”

பொன்னுரங்கம் பேப்பரை மடித்தார்.

“ஆமா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“அவரை நான் ஸ்டேஷன் மாஸ்டர்னு நெனச்சேன்” என்றார் டீச்சர். “எனக்கு அப்பா இல்ல. அம்மாவுக்கு விடியறதுக்கு முன்னாடியே செங்கல் சூளையில வேலை. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் என்னால நடக்க முடியாது. உங்கப்பா பழைய ஸ்லீப்பர் கட்டைங்களை அடுக்கி, அது மேல என்னை நிக்க வெச்சு, பெட்டிக்குள்ள தூக்கி விடுவார். ரயில் கார்டு பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்குவார். சாயங்காலம் தாம்பரத்துல செங்கல் எறக்கிட்டு சூளை லாரி காலியா திரும்பும், அதுல வந்துடுவேன். ‘இது உன் ஸ்டேஷன்மா, வண்டி உனக்காக நிக்கும்’னு சொல்வார். குழந்தை தானே, நம்பிட்டேன். இன்னிக்கு வரைக்கும் நம்பிட்டு தான் இருந்தேன்.”

ஆஸ்டினுக்கு இப்போதுதான் புரிந்தது. ஆபீசுக்கும் கடைக்கும் போகிற அத்தனை சனமும் வண்டியில் உட்கார்ந்திருக்க, ஒரு மனிதர் ஒரு குழந்தைக்காகத் தினமும் ரயிலை நிறுத்தியிருக்கிறார். ரயில்வேக்கே தெரியாமல் ஒரு ஸ்டேஷன் நடத்தியிருக்கிறார். அம்மாவின் ஞாபகத்தையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. இனி வீட்டைப் பூட்டுகிற பேச்சை எடுக்க அவனுக்கு வாய் வராது.

பொன்னுரங்கம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“நீங்க நல்லவங்க, நல்லபடியா நெனைக்கிறீங்க. அவன் தூங்கினான். வண்டி நின்னுது. நிக்கிற வண்டியில உங்களை ஏத்தி வுட்டான். அவ்ளோ தான்.”

அத்தனை வருஷத்துக் கசப்பு அவர் பேச்சில் இருந்தது. டீச்சர் கோபப்படவில்லை. வகுப்பில் திணறுகிற பிள்ளையிடம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

“ஒண்ணே ஒண்ணு யோசிச்சு சொல்லுங்க. பள்ளிக்கூடம் லீவு விட்ட நாள்ல அந்த வண்டி இங்க நின்னுச்சா?”

பொன்னுரங்கம் பேப்பரைக் கீழே வைத்தார். எழுந்து போய் வேலி வழியாகத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“ஞாயித்துக்கெழமையில... மே மாசத்துல... எங்கப்பா ஒரு நாளும் கேட்டை லேட்டா மூடுனதில்ல டீச்சர்.”