கொடியில் அசையாத புடவை

1942 ஆகஸ்ட். மாதுங்காவில் விடியற்காலை மழை ஓய்ந்து, ஜன்னல் வழியே பால் போன்ற வெளிச்சம் வீட்டுக்குள் பரவியிருந்தது. உயரே மூங்கில் கொடியில் வேஷ்டிகள் காற்றில் மிதந்தன. அகிலாண்டத்தின் ஒன்பது கஜப் புடவை மட்டும் அசையவில்லை.

“சர்க்காருக்கு எதிரான நோட்டீஸ்கள் இந்தக் கட்டடத்திலிருந்துதான் போகின்றன” என்றார் இன்ஸ்பெக்டர் கானிட்கர்.

“செக்ரடேரியட்டிலே இருபது வருஷ சர்வீஸ் எனக்கு. எங்க வம்சத்திலே சர்க்கார் உத்தரவை மீறினவா கிடையாது. ஒரு காகிதம் கிடைச்சாலும் இன்னிக்கே வேலையை விட்டுடறேன். நன்னாத் தேடுங்கோ!”

அனந்தநாராயணன் நிமிர்ந்து நின்று, பெட்டிகளைத் தாமே திறந்து காட்டினார். அடுப்படியில் அவர் மனைவி அகிலாண்டம் தலை நிமிரவில்லை.

பெட்டி, பரண், அரிசி டின் எல்லாம் பார்த்தாயிற்று. இன்ஸ்பெக்டரின் தடி கொடியை நோக்கி உயர்ந்தது.

“நில்லுங்கோ! அது மடிப் புடவை. குளிக்காம நானே தொடமாட்டேன்” என்று அனந்தநாராயணன் குறுக்கே வந்தார்.

“ஓ! எங்கள் மராட்டியில் ஸோவளே. என் அம்மாவும் இப்படித்தான்.”

தடி தானாகத் தாழ்ந்தது. இன்ஸ்பெக்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

“பார்த்தியாடி? நம்ம குடும்பத்து மேலே சந்தேகமாம்!”

அகிலாண்டம் கோலால் புடவையை இறக்கினாள். மடிப்புகளிலிருந்து நோட்டீஸ்கள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், அறை முழுவதும் மிதந்து இறங்கின.

“நீயா?” அவர் ஒன்றை எடுக்கக் குனிந்தார்.

“ஏன்னா, தொடாதேங்கோ! நீங்க இன்னும் குளிக்கலை.”

நீட்டிய கையை அவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.