நான்தான் வேணாம்னேன்

பிரசவ வார்டை அன்றோடு மூடுகிறார்கள். மாதத்துக்கு ஒரு பிரசவம் வந்தாலே பெரிய விஷயம் என்றாகிவிட்டது. மறுநாளிலிருந்து அது முதியோர் வார்டு.

தலைமை நர்ஸுக்கும் அன்றுதான் பணி ஓய்வு. காலிக் கட்டில்களுக்கு நடுவே டீ, பிஸ்கட்டோடு சின்னதாய் ஒரு கூட்டம். துணைக்கு மருமகளை அழைத்து வந்திருந்தாள்.

“அரசாங்கம் உதவித்தொகை தரேங்குது, லீவு தரேங்குது. யாரு கேக்குறா?” என்று அலுத்துக்கொண்டார் டாக்டரம்மா. “இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குக் குழந்தைன்னாலே பாரமாப் போச்சு.”

ஆயா சட்டென்று மருமகள் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா, கல்யாணமாகி வருஷக்கணக்காச்சே. உங்க வீட்ல எப்ப விசேஷம்?”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

“அவளை ஏன் கேக்குறே? நான்தான் வேணாம்னேன்,” என்றாள் தலைமை நர்ஸ், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி.

“என்னது! நீங்களா?”

“பின்ன? காலமெல்லாம் குழந்தைங்க அழுகையைக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இனிமேலாவது நிம்மதியாத் தூங்க வேணாமா? பெத்து யார் தலையில கட்டுவாங்க? என் தலையிலதானே!”

டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. ஆயா நேராகவே கேட்டுவிட்டாள்.

“ஊரான் வீட்டுப் புள்ளைங்களையெல்லாம் கையில ஏந்திட்டு, சொந்த மருமகளுக்கு மட்டும் வேணாம்னா, இது உங்களுக்கே அடுக்குமாக்கா?”

“எனக்கு அடுக்கும். டீ ஆறுது, குடி.”

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். “பாவம் அந்தப் பொண்ணு. இப்படியும் ஒரு மாமியாரா!”

அதற்குப் பிறகு பேச்சு ஓடவில்லை. விடைகொடுத்தபோது கைதட்டல்கூட அரை மனசாகத்தான் இருந்தது.

வாசலைத் தாண்டியதும் மருமகள் நின்றுவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

“ஏன் அத்தை இப்படிச் சொன்னீங்க? இத்தனை வருஷம் கும்பிட்ட ஜனங்க, கடைசி நாளில உங்களைக் கரிச்சுக் கொட்டுறாங்களே?”

“கொட்டட்டுமே. என்னைத் திட்டினா வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடுவேன்.” மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன்கிட்ட கேட்டா, வயித்துலேயே போன அந்த மூணு புள்ளைங்களையும் நீ மறுபடி இழக்கணுமேடா.”