ரெட்டை முடிச்சு

குடவாசல் சாலையில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய நெடுமாறன், ஓட்டத்தை நிறுத்தாமல், சாலையில் காயப்போட்டிருந்த நெல்லின் மேல் கால் வைத்தான்.

"டேய்! கழட்டுடா அத!"

அந்தச் சொல் காதில் விழுந்ததும் கால்கள் தாமாகவே நின்றன.

அதுவரை நல்ல ஓட்டம். மாரத்தானுக்கு இன்னும் ஒரு வாரம்தான். கால் ஓயும்போது யாருக்காவது நன்றி சொல்லிக்கொண்டே ஓடு, அடுத்த ஊர் வரைக்கும் அவர்களே உன்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பது பயிற்சி கொடுக்கும் பர்வின் அக்கா சொல்லித்தந்த வித்தை. வழியில் அவிழாமல் இருக்க ஷூ நாடாவை ரெட்டை முடிச்சாகப் போடச் சொன்னதும் அவர்தான்.

நீடாமங்கலம் தாண்டியதும் வந்த முதல் ஊரை பர்வின் அக்காவுக்குக் கொடுத்தான். அடுத்த ஊர், செத்துப்போன அப்பா இராஜாங்கத்துக்கு. இந்த ஊர் அம்மாவுக்கு.

அம்மா அம்சவல்லி, ஊரார் வயலில் கூலிக்கு நட்ட கையால் இந்த வருஷம்தான் சொந்தமாகக் குறுவை போட்டாள். அதுவும் குத்தகை நிலம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்கிறார்கள். மூன்று தலைமுறை பொறுத்ததற்குக் குத்தகைதான் கிடைத்தது. அறுத்த நெல்லை விற்க, கொள்முதல் நிலைய வாசலில் இரவும் பகலுமாகக் கிடக்கிறாள். காலில் இருக்கும் ஷூவும் அவள் வாங்கித் தந்ததுதான். அவளை நினைத்து ஓடியபோது முழங்கால் வலியே தெரியவில்லை.

"காது கேக்கல? கழட்டுடாங்கறேன்!"

இந்தச் சொல்லுக்குப் பயந்துதான் அவன் தாத்தா, பண்ணையார் தெரு முனையில் செருப்பைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஒரு நாள் கழற்ற மறந்துவிட்டார். கட்டிவைத்துச் சவுக்கால் அடித்து, சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். அப்பா இதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொல்லி முடித்ததும் சோற்றுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்தார்.

நெடுமாறன் திரும்பினான். நெல் துழாவும் கட்டையை ஓங்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, முறுக்கிய வெள்ளை மீசை. அந்த மீசையே அவனுக்குப் போதுமாக இருந்தது.

கட்டையைப் பிடுங்கினான். முதல் அடி தோளில். அடுத்தது வாயில். பல் உடைந்த சத்தம் அவனுக்கு இனித்தது.

விழுந்தவரின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, கட்டையை எறிந்துவிட்டு, முஷ்டியை மடக்கிக் குத்தினான். தாத்தாவுக்கு ஒன்று. அப்பாவுக்கு ஒன்று. அம்மா குனிந்து குனிந்து நட்ட முதுகுக்கு ஒன்று. சற்று முன் நன்றி சொல்லி வந்த அதே மூச்சு.

பைக்கில் வந்த இருவர் இறங்கினார்கள். தடுக்கவில்லை, போனை எடுத்தார்கள்.

பெரியவர் முகத்தை மறைக்கக்கூட கையைத் தூக்கவில்லை. அந்தக் கை, ரத்தம் சொட்டும் இடத்திலிருந்து நெல்லை அப்பால் தள்ளிக்கொண்டிருந்தது.

"ஐயோ, விடுடா அவர!"

சாலையின் அந்தக் கோடியில் அம்சவல்லி. கையில் டீ வாங்கி வந்த தூக்கு.

தூக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மகன் ஒருவரைக் கொன்றுகொண்டிருக்கிறான் என்று தெரிந்தும், நெல் தொடங்கும் இடத்தில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். அதன் பிறகுதான் உள்ளே வந்தாள்.

வந்தது அவனிடம் அல்ல. பெரியவரின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஈரம்னு நெல்லத் திருப்பிட்டாங்கடா. இங்க கொண்டாந்து கொட்டிட்டு டீ வாங்கப் போனேன். நெலையத்துல எங்கூடக் காத்துக் கெடந்த ரெங்கசாமி அண்ணன் காவலுக்கு நின்னாருடா. இது நம்ம நெல்லு... இவரு நம்ம ஆளுடா, பாவி!"

நெடுமாறன் எழுந்தான்.

சாலையோரம் அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி இருந்தது. வார் அறுந்து ஊக்கு குத்திய பழைய செருப்பு. பெரியவரின் கால்கள் வெறுங்கால்கள்.

நெல்லைச் செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது. நடக்கப் பழகிய வயதிலேயே அம்மா சொல்லிக்கொடுத்தது.

நெல்லின் நடுவிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் பார்த்தான். ரத்தத்தில் விரல்கள் வழுக்கின. ரெட்டை முடிச்சு. இழுக்க இழுக்க இறுகியது.